சல்லடை அக்காவின் கையெழுத்து

எங்கள் அலுவலகக் கழுவுதொட்டியில் எப்போதும் ஒரு பஞ்சு கிடக்கும். ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். அதைத் தொட்டுக் கோப்பையைக் கழுவுவதைவிடக் கழுவாமலே குடிப்பது மேல் என்று முக்கால்வாசிப் பேர் கழுவாமலே குடித்தார்கள். பூமியைச் சுற்றிவரும் ஓர் எக்ஸ்ரே தொலைநோக்கியை இயக்குகிற இடம் அது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்கு வெளியே வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத்தான் அந்தத் தரைவிரிப்பின் நாற்றம் தெரியும். மாதாமாதம் வீட்டிலிருந்து புதுப் பஞ்சு கொண்டுவந்து வைத்த ஒரே ஆள் சல்லடை அக்கா. அதையும் ஒரே வாரத்தில் பழைய கதிக்குக் கொண்டுவந்துவிடுகிற திறமை மற்றவர்களுக்கு இருந்தது.

சல்லடை என்பது நாங்கள் வைத்த பெயர். அவரிடம் போகிற எதுவும் சலித்துத்தான் வெளியே வரும் என்பதால். கொஞ்ச நாள் முதுகுக்குப் பின்னால் சொன்னோம். விஷயம் தெரிந்ததும், "வச்சதுதான் வச்சீங்க, நல்ல பேராத்தான் வச்சிருக்கீங்க" என்றார். அதன் பிறகு முகத்துக்கு நேரேயே கூப்பிட ஆரம்பித்தோம்.

அக்கா விஞ்ஞானி இல்லை. எங்களிடம் வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் ஓர் அச்சகத்தில் ரயில் கால அட்டவணைகளுக்குப் பிழை திருத்தியவர். ஆறு பதினாலுக்குக் கிளம்புகிற ரயிலை ஆறு நாற்பத்தொன்று என்று அச்சடித்துவிட்டால், நடைமேடையில் மூட்டை முடிச்சோடு நிற்கிறவன் வயிறெரிந்து திட்டுவானே, அந்தத் திட்டு தன் தலையில் விழக் கூடாது என்று வேலை பார்த்தவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் எங்கள் அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு வந்தார். நட்சத்திரங்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்களாம். "எனக்கு நட்சத்திரம் தெரியாது சார். நேரம் தெரியும்" என்றாராம். அந்தப் பதிலுக்காகவே வேலை கொடுத்தவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். கொடுத்துவைத்த மனிதர், பிறகு நடந்த அசிங்கத்தைப் பார்க்கவில்லை.

நானும் அக்காவும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். நான் வாரத் திட்டம் போடுகிறவன். தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை மணி நேரம் பார்க்க வேண்டும், எப்போது தரையோடு பேச வேண்டும் என்பதெல்லாம் நாங்கள் முன்கூட்டியே எழுதி அனுப்புகிற கட்டளைகள். ஒரு வாரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்கு ஒரு மணி நேரம்தான் அதனோடு பேச முடியும். மற்ற நேரமெல்லாம் அது தன் போக்கில் நாங்கள் எழுதியதைச் செய்துகொண்டிருக்கும். தப்பாக எழுதியிருந்தால் தப்பையும் அதே சிரத்தையோடு செய்யும்.

அதற்கு ஒரு கண்டம் உண்டு. அதன் பாதை நீள்வட்டம். பூமியை ஒரு சுற்றுச் சுற்ற இரண்டே முக்கால் நாள் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் பூமியை நெருங்கும்போது துகள் பட்டை ஒன்றுக்குள் புகுந்து வெளியே வரும். எக்ஸ்ரேயைக் குவிக்கிற அதே கண்ணாடிகள் அந்தத் துகள்களையும் குவித்துக் கேமராவின் தலையில் கொட்டும். கேமரா கொஞ்சம் கொஞ்சமாகக் குருடாகும். அங்கே போய்ப் பழுது பார்க்க முடியாது. அதனால் பட்டைக்குள் நுழைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கேமராவைக் கண்ணாடியின் பார்வையிலிருந்து நகர்த்தி ஒதுக்கிவிட வேண்டும். பட்டையை மோப்பம் பிடித்துத் தானாகவே கேமராவை ஒதுக்குகிற கருவி ஒன்று இருந்தது. வெயில் தாங்காமல் அது செத்து நாலு வருடம் ஆகிறது. ஆக, பாதுகாப்பு என்பது அந்த ஒன்றரை மணி நேரமும் அதைச் சரிபார்க்கிற அக்காவும்தான்.

வியாழக்கிழமை காலையில் வாசிப்பு. நான் கட்டளைத் தாள்களிலிருந்து நேரத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அக்கா எதிரே உட்கார்ந்து, கேமரா ஒதுங்க வேண்டிய நேரங்களின் அட்டவணையில் இரும்பு அளவுகோலை வரிவரியாக நகர்த்தி, "சரி" என்று சொல்ல வேண்டும். நாலு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு தாளின் அடியிலும் அவர் கையெழுத்துப் போடுவார். கணினியும் சரிபார்க்கத்தான் செய்யும். ஆனால் அக்காவின் கையெழுத்து இல்லாமல் ஒரு கட்டளைகூட மேலே போகாது. அந்த நாலு மணி நேரமும் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வாசிப்பின் நடுவே நான் ஒருமுறை கொட்டாவி விட்டதற்கு, "போய் முகத்தக் கழுவிட்டு வா தம்பி, பாவம் அது அங்க தனியா சுத்துது" என்று துரத்தினார்.

பதினோரு வருடம் இப்படிப் போயிற்று. கேமராவுக்கு ஒரு கீறல் இல்லை. அதற்காக யாரும் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதும் இல்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறவர்களை யார் பாராட்டுகிறார்கள்?

இந்தக் கட்டத்தில்தான் எங்களுக்கு இயக்குநராக வந்து சேர்ந்தார் ரிப்பன். எங்கே எதைத் திறந்தாலும் கத்தரிக்கோலோடு நிற்பார் என்பதால் அந்தப் பெயர். புது பிரிண்டர் வந்ததற்குக்கூட ரிப்பன் கட்டி வெட்டிய ஆள் அவர். பிஸ்கட்டைக் காப்பியில் முக்கித் தின்றுவிட்டு, விரலை நாக்கில் தொட்டு, அதே விரலால் அக்காவின் கட்டளைத் தாள்களைப் புரட்டுவார். அவர் போன பிறகு அக்கா ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் காகிதக் கைக்குட்டையால் துடைப்பார். முகத்தைச் சுளிக்கக்கூட மாட்டார். துடைக்கிற விதத்திலேயே எல்லாம் தெரியும்.

தொலைநோக்கி ஏவி பதினைந்து வருடம் நிறைகிற விழா வந்தது. அமைச்சர் வருகிறார். அவர் முன்னால் திரை விலக்கிக் காட்ட, வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் பிரமாண்டமான படம் வேண்டும் என்று ரிப்பனுக்கு ஆசை. அதை ஒரே மூச்சில், இடைவெளி இல்லாமல் எடுக்க வேண்டும். பட்டையிலிருந்து வெளியே வந்து மறுபடி அதற்குள் நுழைவதற்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் சரியாக ஐம்பது நிமிடம் பற்றவில்லை.

நேராக அக்காவிடம் போனார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஒன்றரை மணி நேரங்கிறது அந்தக் காலத்துல பயந்துபோய் வச்சதும்மா. நாப்பது நிமிஷம் போதும்னு எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு தடவ."

"எல்லாருக்கும் தெரியும்னா எழுதிக் குடுங்க சார். குழு கூடி முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் ஒன்றரை மணின்னா ஒன்றரை மணிதான்."

"விழா இன்னும் மூணு வாரத்துல இருக்கு. குழு எப்பக் கூடுறது?"

"அப்ப வேற படம் காட்டுங்க. நம்மகிட்ட இல்லாத படமா?"

ரிப்பன் சிரித்தார். அந்த மாதிரி சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். பல் மட்டும் வெளியே வரும்.

மறுநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மிரட்டவில்லை. தோளில் கை போட்டார். அமைப்புக் கோப்பு என்று ஒன்று உண்டு. பட்டைக்கு எத்தனை நிமிடம் முன்னால் கேமரா ஒதுங்க வேண்டும் என்ற எண் அதில்தான் இருக்கிறது. கணினிச் சரிபார்ப்பும் அதிலிருந்துதான் எண்ணை எடுக்கிறது, அக்காவின் அட்டவணையும் அதிலிருந்துதான் அச்சாகிறது. "அதுல தொண்ணூறுன்னு இருக்கறத நாப்பதுன்னு மாத்துங்க. ஒரு வாரம்தான். அப்புறம் பழையபடி வச்சிடலாம். அவங்களுக்கு எதுக்கு வீண் தலைவலி?" என்றார். பிறகு, பேச்சோடு பேச்சாக, "உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் புதுப்பிக்கணும் இல்ல? என் மேஜைலதான் இருக்கு" என்றார்.

நான் மாற்றினேன். ஒரே ஓர் எண். கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். ஒன்றும் நடுங்கவில்லை. மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வியாழக்கிழமை வாசிப்பு. இரண்டாவது தாளிலேயே அக்காவின் அளவுகோல் நின்றது.

"என்ன தம்பி, இந்த வாரம் இவ்வளவு தள்ளி வருது?"

"புதுப் பாதைக் கோப்பு வந்திருக்குக்கா. போன வருஷம்கூட ஒரு தடவ முக்கா மணி நேரம் தள்ளிச்சே."

பாதை நகர்வது உண்மைதான். நிலாவும் சூரியனும் இழுத்துக்கொண்டே இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுக் கணக்கு வரும். போன வருடம் தள்ளியதும் உண்மைதான். உண்மைகளை வைத்துத்தான் பொய் சொன்னேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்த்திருந்தால்கூட எனக்கு இன்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பதினோரு வருடம் எதிரே உட்கார்ந்து வாசிக்கிறவனைப் பார்க்கிற பார்வை அது.

"ஆமா, தள்ளிச்சு" என்றார். "சரி."

எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். அட்டவணை வெறும் துணைக் காகிதம்தான் என்பதால், வழக்கம்போல அதைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டேன். சனிக்கிழமை கட்டளைகள் மேலே போயின.

திங்கட்கிழமை சூரியனில் பெரிய வெடிப்பு என்று எச்சரிக்கை வந்தது. அப்படி வந்தால் பட்டை வீங்கும், ஓரம் முன்னுக்கு வரும். செவ்வாய்க்கிழமை தொடர்பு நேரத்தில் இயக்குபவர்கள் அக்காவிடம் வந்து கேட்டார்கள்: நாளைக்குப் படம் எடுப்பதை நிறுத்தி, கேமராவை முன்னாடியே ஒதுக்கிவிடலாமா? இப்போது சொன்னால் கட்டளை அனுப்ப நேரம் இருக்கிறது.

அக்கா யோசித்தார். "நம்மகிட்ட ஒன்றரை மணி நேரம் இருக்கு. பட்டை எவ்வளவு வீங்கினாலும் அதுக்கு மேல வராது. விடுங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான், ஒன்றரை மணி நேரம் இருந்திருந்தால். நான் மூன்றடி தள்ளி நின்றேன். நாற்பது நிமிடம்தான் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். வாயைத் திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. நான் பேனாவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை, வீங்கிய பட்டைக்குள் இருபத்திரண்டு நிமிடம் கேமரா கண்ணைத் திறந்துகொண்டு நின்றது.

கேமராவுக்குள் சோதனைக்கென்று ஒரு சின்னக் கதிரியக்கத் துண்டு இருக்கிறது. அதன் எக்ஸ்ரே திரையில் ஊசி மாதிரி ஒரு கோடாக விழ வேண்டும். அன்று மாலை உடைந்த முட்டை மாதிரி பரந்து கிடந்தது. இனி எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் கொஞ்சம் கலங்கித்தான் தெரியும். எப்போதைக்கும்.

விழா மட்டும் குறித்த நாளில் நடந்தது. கேமராவைப் பற்றி அமைச்சரிடம் யாரும் மூச்சுவிடவில்லை. படம் அமோகமாக வந்திருந்தது. அதை அப்படியே கேக்கின் மேல் அச்சடித்திருந்தார்கள். வானத்துக்காகக் கரிய சாயத்தை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். ரிப்பன் வெட்டினார். தின்றவர்களுக்கெல்லாம் நாக்கும் பல்லும் கருப்பாகிவிட்டன. அந்தக் கரிய வாய்களோடு சிரித்துச் சிரித்துப் பேசினார்கள், ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டார்கள், போட்டோவுக்கு நின்றார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். அதற்குள் கோப்பில் பழையபடி தொண்ணூறு உட்கார்ந்திருந்தது. கட்டளைத் தாள்களில் நேரம் ஐம்பது நிமிடம் தவறு, அடியில் அக்காவின் கையெழுத்து. வேறென்ன வேண்டும்? வயதாகிறது, பார்வை மங்கியிருக்கலாம், நாலு மணி நேரம் கையால் சரிபார்ப்பதே காலாவதியான முறை என்று ரிப்பன் மிகுந்த வருத்தத்தோடு பூசி மெழுகினார்.

"அட்டவணையில இருந்த நேரத்தோட ஒத்துத்தான் பாத்தேன்" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "புதுப் பாதைக் கோப்புன்னு நீ சொன்னியே தம்பி. அது எந்தக் கோப்பு? தேதியச் சொல்லு, இவங்க எடுத்துப் பாக்கட்டும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ரிப்பன் மேஜையைப் பார்த்தார்.

"அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

அக்கா என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப என் கண்ணுதான் போல" என்றார். அடுத்த நாளிலிருந்து அவர் வரவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், தூங்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். அக்காவின் கணவர் பேக்கரி வேன் ஓட்டுகிறவர். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"வா தம்பி. நீயாவது சொல்லு அவளுக்கு. மூணு கண் டாக்டரப் பாத்தாச்சு. மூணு பேரும் ஒண்ணும் இல்லங்கறாங்க. நம்ப மாட்டேங்கறா. மருந்துச் சீட்டுல இருக்கற பொடி எழுத்தெல்லாம் வாசிச்சுக் காட்டி, சரியா இருக்கான்னு என்னப் பாக்கச் சொல்றா. எனக்கு எங்க அதெல்லாம் தெரியுது?"

உள்ளே சாப்பாட்டு மேஜையில் அக்கா உட்கார்ந்திருந்தார். எதிரே ஏதோ ஒரு பழைய ரயில் அட்டவணை. இளைத்திருந்தார். ஆப்பிளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க தப்பு விட்டேன்னு தெரியணும் தம்பி. தப்பு விட்டது பரவால்ல. எங்கன்னு தெரியாம இருக்கறதுதான் முடியல. சாப்பிட உக்காந்தா அந்த ரெண்டாவது தாள்தான் வந்து நிக்குது. நல்லாத்தான் பாத்த மாதிரி இருக்கு."

அப்போது சொன்னேன். கோப்பு, எண், ரிப்பன், ஒப்பந்தம், செவ்வாய்க்கிழமை பேனா எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

முடித்தேன். அவர் ஆப்பிள் பையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். விரல் விரலாகக் கழுவினார்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு…"

"சீ! அத மூணு டாக்டர் சொல்லியாச்சு. சொல்ல வேண்டிய எடத்துல வாய மூடிட்டு, இங்க வந்து என் வீட்டுல கொட்டிட்டுப் போலாம்னு பாக்கறியா? அள்ளிக்கிட்டுப் போ. அங்க போய்ச் சொல்லு."

கணவர் ஆப்பிள் பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் விசாரணைக் குழுவின் தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் இழுத்தார்கள். ரிப்பனை ஆலோசகராக்கி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பெரிய அறையாம், திறந்துவைக்க நிறைய இருக்குமாம். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் அக்கா பெயரிலிருந்த பழியை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போனார்.

போன முதல் நாளே எனக்குப் போன் செய்தார். எதிர்பார்க்கவே இல்லை. நன்றி சொல்லப் போகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எவ்வளவு கேவலமான புத்தி பாருங்கள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். தம்பி என்று சொல்லவில்லை. "இதுக்கு முன்னால எத்தன தடவ அந்த எண்ண மாத்தின?"

"இந்த ஒரு தடவதான்க்கா."

"அத நான் எப்படி நம்பறது?"

அவரே தொடர்ந்தார். "ஐந்நூத்து எழுவது வாரம் நீ வாசிச்சு நான் சரின்னு சொல்லியிருக்கேன். அவ்வளவு தாள்லயும் என் கையெழுத்து இருக்கு. எது நான் பாத்துப் போட்டது, எது நீ போட வச்சதுன்னு எனக்குத் தெரியணும்." போனை வைத்துவிட்டார்.

பழைய கட்டளைத் தாள்களையெல்லாம் கிடங்கிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாராம். வாரத் திட்ட வேலை முடிந்ததும், மதியத்துக்கு மேல், ஒன்றரை மணி நேரக் கணக்கைக் கையாலேயே போட்டு, ஒவ்வொரு வாரமாக ஒத்துப் பார்க்கிறாராம். அங்கே இன்னும் என்னோடு பேசுகிற ஒரே ஆளான இயக்குபவர் ஒருவர் சொன்னார். "எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை, அவரே ஒரு தடவதான்னு சொல்லிட்டாரே" என்று அவர் கேட்டதற்கு அக்கா அளவுகோலை எடுக்காமலே, "சொன்னான்" என்றாராம். இப்போது ஐந்தாவது வருடத்தின் தாள்களில் இருக்கிறாராம்.

ஆறாவது வருடத்தில் ஒரு வாரம் இருக்கிறது. ஆறு நிமிடம். நான் போட்ட திட்டத்தில் தொலைநோக்கியைத் திருப்புகிற நேரம் ஒன்று கேமரா ஒதுங்குகிற நேரத்தோடு இடித்தது. முழு வாரத்தையும் மறுபடி போட எனக்குச் சோம்பலாக இருந்தது. யாரும் மிரட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தொண்ணூறை எண்பத்துநாலு ஆக்கிவிட்டு எதிரே உட்கார்ந்து வாசித்தேன். அக்கா "சரி" என்றார். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.